உப்புத் தொட்டி முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துப் பிழை தேடும் வழி

சென்னையில் மூன்றாம் மாடி வீட்டுக் கூடத்தில் நாலடி நீளக் கடல்நீர்த் தொட்டி வைத்து ஏழு வருடம் ஆகிறது. கீழே இருக்கும் சம்ப்பையும் (வடிகட்டும் கருவிகள் நிற்கும் துணைத் தொட்டி) சேர்த்தால் 280 லிட்டர். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு டாங் மீன், இரண்டு இறால், கொஞ்சம் நத்தை. பவளத்தில் காளான், ஜோவா, தோல் பவளம் என்ற மென்வகைகள். இத்தனை வருடத்தில் பறிகொடுத்த உயிர்களைக் கணக்குப் பார்த்தால், கோளாறு கொன்றதைவிட அதைச் சரிசெய்யப் போன என் அவசரம் கொன்றதுதான் அதிகம். பாசி வந்தால் அன்றைக்கே பாதித் தண்ணீர் மாற்றுவேன், விளக்கைக் குறைப்பேன், மருந்தும் ஊற்றுவேன். மூன்றாம் நாள் பாசி அப்படியே இருக்கும், பவளம் செத்திருக்கும். எதனால் என்றும் தெரியாது.

அதனால் கீழே எல்லாத் தலைப்பிலும் ஒரே வரிசைதான்: காசில்லாத சோதனை முதலில், செலவு வைக்கும் காரணம் கடைசியில். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மீன் மூச்சு வாங்குவது, ஷாக் அடிப்பது, தண்ணீர் கசிவது போன்ற அவசரங்களை விட்டால் மற்ற பலவற்றுக்கும் இரண்டு மூன்று நாள் பொறுத்துப் பார்க்கலாம்.

எந்த அறிகுறியானாலும் முதல் பத்து நிமிடம்

எதையும் ஊற்றாதீர்கள். வெப்பநிலை பாருங்கள் (24 முதல் 27 டிகிரி). உப்பளவு பாருங்கள் (35 பிபிடி, அதாவது ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு; ஒப்படர்த்தியில் சுமார் 1.026). அம்மோனியா சோதியுங்கள், அது பூஜ்யமாகத்தான் இருக்க வேண்டும். எல்லா பம்ப்பும் ஓடுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள். பிறகு மீன்களை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் பாறைக்குப் பின்னால் டார்ச் அடித்துத் தேடுங்கள். இந்த ஐந்தில் ஒன்று மாறியிருந்தால், பாதித் தேடல் அங்கேயே முடிந்தது.

மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது

*எல்லா மீனுமா?* அப்படியானால் கோளாறு தண்ணீரில் இருக்கிறது.

முதலில் தண்ணீரின் மேல்பரப்பைப் பாருங்கள். அலை இல்லாமல் கண்ணாடி மாதிரி கிடந்தால் வேவ்மேக்கர் (தொட்டிக்குள் அலை எழுப்பும் பம்ப்) நின்றிருக்கிறது, அல்லது திசை மாறிக் கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது. மேல் நோக்கித் திருப்பினாலே சில சமயம் அரை மணியில் மீன் இறங்கிவிடும். அடுத்தது வெப்பம்: சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறைவாகத்தான் தங்கும். 31 டிகிரியைப் பார்த்தால் அடுத்த தலைப்புக்குப் போங்கள். மூன்றாவது அம்மோனியா. எண் ஏறியிருந்தால் எங்கோ ஏதோ செத்து அழுகுகிறது. அதை வெளியே எடுத்து, முன்பே கலந்து வைத்த உப்பு நீரில் கால் பங்கு மாற்றுங்கள். அவசரத்துக்கு உதவ, கலந்த உப்பு நீர் 50 லிட்டராவது ஒரு ட்ரம்மில் எப்போதும் இருக்கட்டும். நள்ளிரவில் உப்பைக் கலந்து, கரைவதற்குள் ஊற்றிய அனுபவம் எனக்கு உண்டு. அதைத் தனியாக வர்ணிக்க வேண்டாம்.

கரண்ட் போன பிறகு இது நடந்தால், வேவ்மேக்கர் ஒன்றை மட்டும் இன்வெர்ட்டர் லைனில் மாட்டுங்கள். விளக்கு, ஸ்கிம்மர் (அழுக்கை நுரையாக்கிப் பிரிக்கும் கருவி) எதுவும் வேண்டாம். இன்வெர்ட்டர் இல்லாதவர்கள் பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று வாங்கி வைக்கலாம், சில நூறு ரூபாய்தான். கேனிஸ்டர் ஃபில்டர் (மூடிய டப்பாவுக்குள் ஓடும் வடிகட்டி) வைத்திருந்தால் ஒரு எச்சரிக்கை: பல மணி நேரம் நின்று கிடந்ததை அப்படியே மறுபடி ஓட விடாதீர்கள். உள்ளே தேங்கிய தண்ணீர் கெட்டிருக்கும். கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சை உப்பு நீரில் அலசிய பிறகு ஓட்டுங்கள்.

*ஒரே மீனா, அதுவும் புதிதாக வந்ததா?* உடம்பைப் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். பொன்னிறத் தூசு தூவியது போல் தெரிந்தால் அது வெல்வெட் நோய். ஓரிரு நாளில் தொட்டியையே காலி செய்யும். அன்றே மீனை எல்லாம் தனி டப்பாவுக்கு மாற்றி, செம்பு மருந்து தொடங்க வேண்டும். மீன் நோய் பார்க்கத் தெரிந்த கால்நடை மருத்துவரை அழைக்கும் கட்டம் இது. தூசு எதுவும் தெரியாவிட்டாலும் புதிய மீன் வேகமாக மூச்சு வாங்கினால் சந்தேகம் வெல்வெட் மேல்தான். செவுளில் முதலில் பிடிக்கும், தோலில் பிறகுதான் தெரியும்.

வெப்பநிலை 29-ஐத் தாண்டி ஏறுகிறது

குளிர் நாட்டுக்காரர்கள் ஹீட்டரோடு மல்லுக்கட்டுவார்கள். நமக்கு ஏப்ரல் பிறந்தால் நேரெதிர். இருந்தாலும் ஹீட்டர் மாட்டியிருந்தால் முதலில் அதைத்தான் பிடுங்கிப் பாருங்கள். தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்கச் சூடாக்கிய ஹீட்டர்கள் நிறைய உண்டு.

அடுத்து, தொட்டியின் மூடியைத் திறந்து வையுங்கள் (குதிக்கும் மீன் இருந்தால் வலை போடுங்கள்). சம்ப் இருக்கும் அலமாரிக் கதவையும் திறங்கள். விளக்கு நேரத்தை இரவுக்குத் தள்ளுங்கள்; மாலை ஆறு முதல் இரவு இரண்டு வரை எரிந்தாலும் பவளத்துக்கு அது பகல்தான். தண்ணீர்ப் பரப்பின் மேல் சிறு ஃபேன் வைத்தால் இரண்டு மூன்று டிகிரி இறங்கும். ஆனால் கடலோர ஊரின் ஈரக்காற்றில் சில நாள் ஒரு டிகிரிகூட இறங்காது. ஃபேன் வைத்தால் தண்ணீர் வற்றும், அது உப்பளவுத் தலைப்பில்.

ஐஸ் கட்டியை நேராகப் போடாதீர்கள். உறைய வைத்த பாட்டிலை மூடியோடு சம்ப்பில் மிதக்க விடலாம், அதுவும் மெதுவாக. நான் ஒரு மே மாதம் ஒரே மணி நேரத்தில் நாலு டிகிரி இறக்கிக் காட்டினேன். 31-இல் தாக்குப்பிடித்த டாங், 27-இல் செத்தது.

இதெல்லாம் செய்தும் மதியம் தோறும் 30 தாண்டினால் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) தான் வழி. செலவு பத்தாயிரங்களில் போகும். சில்லர் இருந்தும் குளிரவில்லையென்றால், பின்புறத் தூசியை பிரஷ்ஷால் தட்டுங்கள், அது வெளிவிடும் சூடு அலமாரிக்குள்ளேயே சுற்றாமல் இருக்கிறதா பாருங்கள், தண்ணீர் வேகமாக ஓடுகிறதா பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தால் கேஸ் இறங்கியிருக்கலாம். அதற்கு ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வேண்டும். நீங்களாகத் திறக்க வேண்டாம்.

உப்பளவு ஏறுகிறது, இறங்குகிறது, அல்லது நம்பும்படி இல்லை

வற்றுவது வெறும் தண்ணீர். உப்பு உள்ளேயே தங்கிவிடும். என் தொட்டியில் ஃபேன் ஓடும் மாதங்களில் ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் வற்றும். ஐந்து நாள் ஊருக்குப் போய்த் திரும்பினால் 35 என்பது 38-ஐத் தாண்டியிருக்கும், சம்ப்பில் பம்ப் காற்றைக் குடித்து இரைந்துகொண்டிருக்கும். தினமும் சாதாரணச் சுத்த நீரை ஊற்றி நிரப்புங்கள், உப்பு நீரை அல்ல. ஊருக்குப் போகிறவர்கள் தானாக நிரப்பும் மிதவைக் கருவி வைக்கலாம். ஆனால் மிதவையில் நத்தை ஏறி உட்கார்ந்தால் வாளித் தண்ணீர் முழுவதும் உள்ளே போகும். அதனால் வாளி சிறியதாக இருக்கட்டும்.

ஏறிய உப்பை ஒரே நாளில் இறக்காதீர்கள். நாளுக்கு 1 பிபிடி போதும்.

எண் சரியாகவே இருக்கிறது, ஆனால் நத்தை நகரவில்லை, காளான் பவளம் சுருங்கிக் கிடக்கிறது என்றால் உப்பளவு காட்டும் கருவியான ரிஃப்ராக்டோமீட்டரைச் சந்தேகப்படுங்கள். நான் அதைச் சுத்த நீர் விட்டுப் பூஜ்யத்தில் சரிபார்த்து இரண்டு வருடம் நிம்மதியாக இருந்தேன். 35 காட்டும் அளவுத் திரவம் வாங்கிச் சோதித்தபோது கருவி நாலு பிபிடி கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தது. அதாவது அவ்வளவு நாளும் பவளம் 31-இல் இருந்திருக்கிறது. பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி 35-இலும் சரியாகக் காட்ட வேண்டுமென்பதில்லை. மாதம் ஒரு முறை 35 திரவத்தில் சரிபாருங்கள்.

மணலில், பாறையில், கண்ணாடியில் ஏதோ படர்கிறது

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இங்கேதான். நிறத்தைப் பார்த்துப் பிரித்தறியுங்கள்.

*பழுப்புத் தூள், கையால் தொட்டால் கலைகிறது, தொட்டி வைத்துச் சில மாதம்தான் ஆகிறது.* டையாட்டம். நத்தை தின்னும், சில வாரத்தில் போய்விடும். எதுவும் செய்ய வேண்டாம். போகவில்லை, அல்லது பழைய தொட்டியில் திரும்ப வருகிறது என்றால் ஊற்றும் தண்ணீரை டி.டி.எஸ். மீட்டரில் (கரைந்திருக்கும் உப்புகளை அளப்பது) பாருங்கள்.

இந்த இடத்தில் நான் ஒரு வருடம் வீணடித்தேன். வீட்டு ஆர்.ஓ. மெஷினில் பிடித்த தண்ணீரைத்தான் ஊற்றினேன், ஆர்.ஓ. என்றால் சுத்தம்தானே என்று நினைப்பு. மீட்டரில் 90 காட்டியது. நம் குடிநீர் மெஷின்கள் பலவற்றில் ருசிக்காகக் கொஞ்சம் சுத்திகரிக்காத தண்ணீரையே திரும்பக் கலக்கும் திருகு இருக்கிறது. போர் தண்ணீரும் லாரித் தண்ணீரும் மாறி மாறி வரும் அபார்ட்மென்ட்டில் அந்த 90-க்குள் சிலிகேட், பாஸ்பேட், நைட்ரேட் எல்லாம் இருக்கும். நமக்குக் குடிக்க நல்லதுதான், பாசிக்கு விருந்து. ஆர்.ஓ.வுக்குப் பிறகு டி.ஐ. ரெசின் (மீதி உப்பைப் பிடிக்கும் மணிகள்) குழாய் ஒன்றைச் சேர்த்து, மீட்டர் 0 காட்டும் தண்ணீரை மட்டும் ஊற்றுங்கள். ரெசின் நிறம் மாறினால் மாற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் 90-இல் வந்தால் ரெசின் சீக்கிரம் தீர்ந்துவிடும். எனவே அந்தத் திருகை மூடச் சொல்லுங்கள், அல்லது தொட்டிக்கென்று தனி மெம்ப்ரேன் போடுங்கள்.

*சிவப்பு, கருஞ்சிவப்புப் படலம், தோல் மாதிரி உரிந்து வருகிறது.* சயனோ, அதாவது சயனோபாக்டீரியா. அலை படாத மூலையில்தான் ஆரம்பிக்கும். உறிஞ்சி எடுங்கள், வேவ்மேக்கரை அந்தப் பக்கம் திருப்புங்கள், உணவைக் குறையுங்கள், உறைந்த இறாலை உருக்கிய தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாமல் வடிகட்டுங்கள். கடையில் விற்கும் சிவப்புப் பாசி மருந்து வேலை செய்யும். ஆனால் படலம் மொத்தமாகச் சாகும்போது ஆக்சிஜன் விழும். காற்றுக் கல் போடாமல் மருந்து போடாதீர்கள்.

*பழுப்புச் சளி, நூல் நூலாகத் தொங்கி, நுனியில் குமிழி. காலையில் குறைவு, மாலைக்குள் கோரம்.* இதைப் பார்த்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். டைனோ, அதாவது டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர். மற்ற பாசிக்கெல்லாம் செய்யும் வைத்தியம் இதை வளர்க்கும். தண்ணீர் மாற்ற மாற்ற, பாஸ்பேட் உறிஞ்சி போடப் போட, மற்ற நுண்ணுயிர்கள் பட்டினியில் சாகும், காலி இடத்தை இது பிடிக்கும். என் நத்தைகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கவிழ்ந்தது இதனால்தான்; சில வகை டைனோவுக்கு நஞ்சு உண்டு.

உறுதி செய்ய: கொஞ்சம் சளியைத் தொட்டித் தண்ணீரோடு ஒரு பாட்டிலில் எடுத்து நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ காகிதத்தில் வடிகட்டுங்கள். வடிந்த தண்ணீரை ஒரு மணி நேரம் விளக்கடியில் வையுங்கள். மறுபடி திரண்டு நூல் கட்டினால் டைனோ என்று எடுத்துக்கொள்ளலாம். பிறகு நைட்ரேட், பாஸ்பேட் பாருங்கள். இரண்டும் பூஜ்யம் என்று வந்தால் கோளாறே அதுதான். நைட்ரேட் 5 பிபிஎம், பாஸ்பேட் 0.1 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் பங்கு) ஒட்டி வரும்படி உணவைக் கூட்டுங்கள், தண்ணீர் மாற்றுவதை நிறுத்துங்கள், பாஸ்பேட் உறிஞ்சியை வெளியே எடுங்கள். இரவில் தண்ணீரில் மிதந்து போகும் வகையென்றால் யு.வி. (புற ஊதா) விளக்குக்கு நன்றாகக் கேட்கும். வகை தெரிய 400 மடங்கு மைக்ரோஸ்கோப் வேண்டும். பக்கத்தில் உயிரியல் ஆசிரியர் யாராவது இருந்தால் யு.வி. வாங்கும் முன் ஒரு துளியைக் காட்டுங்கள். எனக்கு எட்டு வாரம் ஆனது.

*பச்சை முடி.* உணவு அதிகம், நத்தை குறைவு. கையால் பிடுங்குங்கள், மீனுக்குப் போடுவதைப் பாதியாக்குங்கள். அவ்வளவுதான்.

*கண்ணாடிப் பூ மாதிரி, தொட்டால் ஓட்டைக்குள் ஓடுகிறது.* இது பாசியே இல்லை, ஐப்டேசியா என்ற சிறு கடற்சாமந்தி. சுரண்டாதீர்கள், துண்டு ஒவ்வொன்றும் புதிதாக முளைக்கும். ஒன்றிரண்டு என்றால் சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் வாயில் வைத்து மூடுங்கள். பத்துக்கு மேல் என்றால் பெப்பர்மின்ட் இறால் விடலாம்.

பவளம் விரியவில்லை

*ஒன்று மட்டும்:* இடம் மாறியதா, பக்கத்துப் பவளம் தொடுகிறதா, விளக்கு புதிதா என்று பாருங்கள். தோல் பவளம் மூடிக்கொண்டு, மெழுகு பூசியது போல் பளபளத்தால் அது தோல் உரிக்கிறது. ஒரு வாரம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும். அலை கொஞ்சம் படும்படி வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். என் முதல் தோல் பவளத்தை நோய் என்று நினைத்து அயோடினில் முக்கி, இரண்டு முறை இடம் மாற்றி, நானே முடித்துவைத்தேன்.

*எல்லாம் ஒரே நாளில்:* முதல் பத்து நிமிடச் சோதனையில் எதுவும் அகப்படவில்லையா? வீட்டில் யார் என்ன அடித்தார்கள் என்று கேளுங்கள். கரப்பான் ஸ்ப்ரே, கொசு மருந்து, பொங்கலுக்கு அடித்த பெயின்ட், ரூம் ஸ்ப்ரே. காற்று பம்ப்பும் ஸ்கிம்மரும் அறைக் காற்றை நேராகத் தண்ணீருக்குள் இழுக்கும். இறால் துடித்தால் பூச்சிமருந்து என்பது ஏறக்குறைய உறுதி. ஜன்னலைத் திறங்கள், புது ஆக்டிவேட்டட் கார்பன் போடுங்கள், கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள். கிரீம் தடவிய கையும், கண்ணாடி துடைக்கும் துருப்பிடித்த காந்தமும் இதே கணக்கில் வரும்.

அடுத்துக் காரத்தன்மை: 8–9 டிகேஹெச் (அதை அளக்கும் அலகு) இருக்க வேண்டும். ஏ.சி. போட்டு மூடிய அறையில் நாலு பேர் உட்கார்ந்தாலே பி.ஹெச். 7.8-க்கு இறங்கும். பி.ஹெச். ஏற்றும் பொடியைத் தேடாமல் ஜன்னலைத் திறந்து பாருங்கள்.

கல்பவளம் பற்றி நான் எழுதவில்லை. 2001 முதல் அவை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவிலிருந்து வந்த 'உயிர்ப் பாறை' என்று யாராவது மலிவாக நீட்டினால் வாங்க வேண்டாம். கோமாளி மீனைப் பொரிப்பகத்தில் வளர்த்தெடுக்கும் முறை நம் மண்டபம் ஊரிலுள்ள கடல் மீன்வள ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் எப்போதோ வந்துவிட்டது. பொரிப்பக மீன் கேட்டு வாங்குங்கள், தீனி எடுப்பதிலும் தொல்லை குறைவு.

மீன் மேல் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளி

புள்ளியை எண்ண முடிகிறதா? அது கடல் இக் என்ற ஒட்டுண்ணி நோய். எண்ண முடியாத தூசு என்றால் வெல்வெட், மேலே சொன்னேன்.

நான்கு நாளில் புள்ளி மறைந்துவிடும். பூண்டு கலந்த உணவு வேலை செய்துவிட்டது என்று எல்லோரும் மகிழ்வது அப்போதுதான், நானும்தான். ஒட்டுண்ணி மீனை விட்டு மணலுக்கு இறங்கியிருக்கிறது. பல மடங்காகத் திரும்பி வரும். நம்பகமான வழி: எல்லா மீனையும் எடுத்து, மணலோ பாறையோ இல்லாத 50 லிட்டர் பிளாஸ்டிக் டப்பாவில், ஸ்பாஞ்ச் ஃபில்டரும் ஒளிய பி.வி.சி. குழாய்த் துண்டும் போட்டு, செம்பு மருந்தில் 30 நாள். பாட்டிலில் சொன்ன அளவு, அதைச் சோதிக்கும் கிட், இரண்டும் கட்டாயம். பெரிய தொட்டி மீனே இல்லாமல் 76 நாள் கிடக்க வேண்டும். செம்பை ஒருபோதும் பவளத் தொட்டியில் ஊற்றாதீர்கள்: இறால், நத்தை, பவளம் மூன்றும் போகும், செம்பு பாறையில் ஊறித் தங்கும். ஒரு கடையில் "ரெண்டு சொட்டு விடுங்க சார், ஒண்ணும் ஆகாது" என்றார்கள். ஆனது.

ஸ்கிம்மர் பொங்குகிறது / நுரைக்கவில்லை

பொங்கினால்: புதிது என்றால் ஓரிரு வாரம் அப்படித்தான். பழையது என்றால் சோப்புக் கை, புதிதாகப் போட்ட மருந்து, பாறை ஒட்டிய பசை, சம்ப் நீர்மட்டம். கோப்பையைத் திறந்தபடி விட்டுச் சில நாள் காத்திருங்கள்.

நுரைக்காவிட்டால் காற்றுக் குழாயின் நுனியில் உப்புக் கட்டியிருக்கும். வெந்நீரில் கழுவினால் முக்கால்வாசி முடிந்தது. இல்லையென்றால் பம்ப்பைக் கழற்றி வினிகரில் ஒரு மணி நேரம் ஊற வையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் இம்பெல்லரை (பம்ப்பின் சுழலி) மாற்றுங்கள், கடைசியில் பம்ப்பை.

கையை விட்டால் சுரீர் என்கிறது. அல்லது பாறையைத் தொட்ட பிறகு உடம்பு சரியில்லை

சுரீர் என்றால் கையை எடுத்து, மெயின் ஸ்விட்சை அணையுங்கள். எந்தக் கருவி என்று விரலால் சோதிக்க வேண்டாம். எல்லாவற்றையும் பிடுங்கி, வயரில் வெடிப்பு, ஹீட்டரில் கீறல், பிளக்கில் உப்புப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். வயர் ஒவ்வொன்றும் பிளக்குக்குக் கீழே தொங்கி வளைந்து ஏறட்டும், வழியும் தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். எலக்ட்ரீஷியனை வரச் சொல்லி எர்த்திங் பார்த்து, 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் தானாக அணையும் ஸ்விட்ச்) போடும்வரை தொட்டிக்குப் பேட்டரிக் காற்று பம்ப் மட்டும்.

ஜோவா ஒட்டிய பாறையை வேக வைத்தாலோ, உலர வைத்துத் தேய்த்தாலோ பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு ஆவியிலும் தெறிப்பிலும் வரும். கையுறை, கண்ணாடி இல்லாமல் வெட்டாதீர்கள். கொதிக்க வைப்பது என்ற யோசனையே வேண்டாம். வாயில் கசப்பு, மூச்சுத் திணறல், காய்ச்சல், தசை வலி, கண் எரிச்சல் எது வந்தாலும் வீட்டில் எல்லோரும் வெளியேறி மருத்துவமனைக்குப் போங்கள். மருத்துவரிடம் 'பாலிடாக்சின்' என்ற பெயரைச் சொல்லுங்கள், எழுதியும் காட்டுங்கள்.

தொட்டிக்கு அடியில் ஈரம்

துடைத்துவிட்டு, ஓரமெல்லாம் டிஷ்யூ காகிதம் விரித்து வையுங்கள். முதலில் நனையும் காகிதம் இடத்தைக் காட்டும். பல முறை அது சில்லர்க் குழாயில் வேர்த்த தண்ணீர்தான், அல்லது விளிம்பு வழியாக ஊர்ந்த உப்பு. குழாய் இணைப்பில் கசிந்தால் டெஃப்லான் நாடாவும் வாஷரும் போதும்.

கண்ணாடி மூலையில் நனைந்தால் சிலிக்கான் விட்டிருக்கிறது. மேலே புதிதாகப் பூசினால் பழையதன் மேல் ஒட்டாது. தொட்டியைக் காலி செய்து, முழுவதும் சுரண்டி எடுத்து ஒட்ட வேண்டும். தொட்டி கட்டுபவரைத்தான் கூப்பிட வேண்டும். என் தொட்டி தண்ணீர், கண்ணாடி, பாறை, ஸ்டாண்ட் எல்லாம் சேர்த்து 400 கிலோவை நெருங்கும். தரையில் விரிசலோ சாய்வோ தெரிந்தால் தொட்டிக்காரர் போதாது, கட்டடப் பொறியாளர் பார்க்க வேண்டும். அவர் வரும்வரை பாதித் தண்ணீரை ட்ரம்மில் இறக்கி வையுங்கள், ட்ரம்மைச் சுவரோரமாக வேறு அறையில் வையுங்கள். மீதிப் பாதியில் வேவ்மேக்கர் மூழ்கியிருந்தால் மீன் ஒரு வாரம் தாராளமாக இருக்கும்.